அறுபதுக்கு மேல் அயல்நாட்டு ஊழியம்: நம் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள்

நானும் என் கணவரும் பாளையங்கோட்டை சமாதானபுரத்துக்காரர்கள். நான் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அவர் கூட்டுறவுத் துறையில் கணக்குப் பார்த்தவர். பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்த பிறகு, தான்சானியா நாட்டில் டொடோமாவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துச் சபைக்கு ஊழியத்துக்குப் போய் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தோம். போகும்போது அவருக்கு வயது 66, எனக்கு 62. திரும்பி வந்ததிலிருந்து சபையார் கூடிச் சாப்பிடும் அசன விழாவிலும் கல்யாண வீட்டிலும் ஆராதனை முடிந்து வெளியே வரும்போதும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் தாங்களும் போகலாமா என்று மனதுக்குள் நினைத்திருப்பவர்கள். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த வயதில் எதற்குப் போனீர்கள்?

நம் திருநெல்வேலிச் சீமைக்கு யார் யாரோ கடல் தாண்டி ஊழியத்துக்கு வந்தார்கள். ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். கால்டுவெல் 1841இல் இடையன்குடிக்கு வந்து, பல பத்தாண்டுகள் அந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊரையே தன் ஊராக வைத்துக்கொண்டார். ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தவர், 1951இல் டோனாவூரில் கண் மூடும்வரை ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. இந்தக் கதைகளை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல ஒரு கேள்வி எனக்குள் வளர்ந்தது. வந்தவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, அவர்களுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்து, மொழி சொல்லிக் கொடுத்து, காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்த நம் பாட்டிமார்களைப் பற்றி யார் பேசுகிறார்கள்? இரண்டு ஆண்டுகள் அந்நிய ஊரில் இருந்த பிறகுதான் அந்தப் பாட்டிமார்களின் அருமை எனக்கு முழுதாகப் புரிந்தது.

பிள்ளைகள் சம்மதித்தார்களா?

மகள் அழுதாள். மகன் ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை. "உங்களுக்கு ஏதாவது ஆனால் நாங்கள் ஊருக்கு என்ன பதில் சொல்வது?" என்றான். அது நியாயமான கேள்விதான். பெற்றோரைத் தனியே விட்டுவிட்டார்கள் என்று நம் ஊரில் பேசத்தான் செய்வார்கள்.

நாங்கள் அவசரப்படவில்லை. எங்களை அழைத்த சபையின் குருவானவரோடு காணொளியில் மகனையே பேச வைத்தோம். பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், இரவில் வண்டி கிடைக்குமா, யார் துணைக்கு இருப்பார்கள் என்று எல்லாவற்றையும் அவனே கேட்டான். அவனுக்குத் தெளிவு வந்த பிறகே தேதி குறித்தோம். பிள்ளைகள் மனது கசந்திருக்கும்போது புறப்பட்டுப் போகாதீர்கள். அந்தப் பாரம் அங்கே போய் இரண்டு மடங்காகும்.

விசாவும் தடுப்பூசியும் எப்படி?

தான்சானியாவில் தங்கி ஊழியம் செய்ய சுற்றுலா விசா போதாது. மிஷனரிகளுக்கும் தன்னார்வலர்களுக்கும் சி வகை வதிவிட அனுமதி வேண்டும். அழைக்கும் சபைதான் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பல மாதங்கள் இழுக்கும் வேலை அது. அனுமதி கைக்கு வருமுன் வீட்டை வாடகைக்கு விட்டுவிடாதீர்கள்.

நாங்கள் அடிஸ் அபாபா வழியாகப் போனோம். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு என்பதால் தடுப்பூசி அட்டை எடுத்துக்கொண்டோம். 60 வயதைத் தாண்டியவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். அந்த வயதுக்கு மேல் முதன்முறையாக இந்த ஊசி போடும்போது, அரிதாக என்றாலும், கடுமையான பக்கவிளைவு வர வாய்ப்பு கூடுதல். உங்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவரிடம் கலந்து பேசாமல் போடாதீர்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டிருந்தால்தான் அட்டை செல்லும். 2016 முதல் ஒரு முறை போட்டால் ஆயுள் முழுவதும் செல்லுபடியாகும்.

சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளை அட்டையோடு, கடைப் பையை மாற்றாமல், மருத்துவர் சீட்டுடன் கைப்பையிலேயே வையுங்கள். மாத்திரையின் விற்பனைப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. உள்ளே இருக்கும் மருந்தின் பெயரைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பென்ஷன் நின்றுவிடாதா?

நிற்காது, ஆனால் உயிர்வாழ் சான்றை மறந்தால் நின்றுவிடும். ஜீவன் பிரமாண் வசதியில் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே சான்று அனுப்பலாம். இந்தியத் தூதரக அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பவும் வழி உண்டு. புறப்படுமுன் கருவூலத்திலும் வங்கியிலும் நேரில் போய், வெளிநாட்டில் இருக்கப்போவதாகச் சொல்லிவிட்டு, எது அவர்களுக்கு ஏற்புடையது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த கைப்பேசி எண் அங்கேயும் வேலை செய்ய வேண்டும். இந்த ஒன்றில் கோட்டை விட்டவர்கள் பலர்.

மூட்டையில் என்ன கட்டிக்கொண்டு போனீர்கள்?

பிளாஸ்டிக் பையில் எதையும் சுற்றாதீர்கள். 2019 ஜூன் முதல் தான்சானியாவில் பிளாஸ்டிக் தூக்குப்பைகளுக்குத் தடை. நாங்கள் மஞ்சள் துணிப்பைகளையே எடுத்துப் போனோம். அந்தப் பைகளை அங்கே சபைப் பெண்கள் ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெருங்காயம், இட்லிப் பொடி, ஒரு சின்னக் குக்கர், பாமாலைப் புத்தகம், மூக்குக்கண்ணாடி இரண்டு ஜோடி, முழங்கால் தைலம். புளி சுமக்க வேண்டாம். டொடோமா பக்கம் புளியமரம் நிறைய உண்டு. உக்வாஜு என்று கேட்டால் சந்தையில் கொடுப்பார்கள்.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளித்தீர்கள்?

சமாளிக்கவில்லை. படித்தோம். ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று இங்கே சிலர் சொல்லி அனுப்பினார்கள். பட்டணத்து அலுவலகத்துக்கு அது போதும். கிராமத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேச சுவாஹிலி வேண்டும்.

தமிழருக்கு அது அவ்வளவு கடினமான மொழி இல்லை. எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கலாம். நம் வினைச்சொல்லில் காலமும் ஆளும் வால் போலப் பின்னால் ஒட்டும். அவர்களுக்கு அவை முன்னால் ஒட்டுகின்றன. 'நினாகுஓம்பேயா' என்பது ஒரே சொல். 'நி' என்றால் நான், 'நா' நிகழ்காலம், 'கு' உனக்கு, 'ஓம்பேயா' ஜெபிப்பது. 'உனக்காக ஜெபிக்கிறேன்' என்று நாம் இரண்டு சொல்லில் சொல்வதை அவர்கள் ஒன்றில் முடிக்கிறார்கள். நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்றாகப் பிரிப்பதைப் போல அவர்களும் ம்புங்கா, ம்செலே, வாலி என்று பிரிக்கிறார்கள். அதைக் கேட்ட அன்று, இது வயல் தெரிந்தவர்களின் மொழி என்று என் கணவரிடம் சொன்னேன். நம் நாட்டுச் சொற்களும் அங்கே குடியேறியிருக்கின்றன. கடைக்கு டுகா, பணத்துக்குப் பேசா, சப்பாத்திக்குச் சப்பாத்திதான். ஆட்டோவுக்குப் பெயர் பஜாஜி!

எனக்குச் சொல்லிக் கொடுத்தவள் எட்டாம் வகுப்புப் படித்த பக்கத்து வீட்டுச் சிறுமி. பள்ளி விட்டு வந்ததும் முற்றத்தில் குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டுவாள். நான் தப்பாகச் சொன்னால் சிரிக்க மாட்டாள். நான் சரியாகச் சொல்லும்வரை அந்தச் சொல்லை மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல்வாள். வாழ்நாளெல்லாம் கரும்பலகை முன் நின்றவள் நான். பொறுமையான ஆசிரியை எப்படி இருப்பாள் என்று அவளிடம்தான் பார்த்தேன்.

முதலில் எதில் தடுமாறினீர்கள்?

நேரத்தில். போய்ச் சேர்ந்த முதல் வாரம், சனிக்கிழமை 'ஸா தாத்து'வுக்குப் பெண்கள் கூடுகை என்று சொல்லியிருந்தார்கள். தாத்து என்றால் மூன்று என்பது எனக்குத் தெரியும். மத்தியானம் சாப்பிட்டு, சேலை மாற்றிக்கொண்டு, மூன்று மணிக்குப் போனேன். ஆலயம் பூட்டியிருந்தது. வாசலில் ஒரு வயதான பெண் மட்டும் மூடி போட்ட தட்டோடு உட்கார்ந்திருந்தார். அங்கே நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. காலை ஏழு மணிதான் அவர்களுக்கு ஒரு மணி. 'மூன்று மணி' என்றால் காலை ஒன்பது. நாற்பது பெண்கள் காலை ஒன்பது மணியிலிருந்து எனக்காகக் காத்திருந்து, பாடிப் பார்த்து, நண்பகலில் கலைந்து போயிருந்தார்கள். நான் வராமல் இருக்க மாட்டேன் என்று நம்பி என் பங்குச் சாப்பாட்டோடு அந்த அம்மா மட்டும் இருந்துவிட்டார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கையைப் பிடித்து "போலே, போலே" என்றார். உன் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பது அதன் பொருள். கால் இடறினாலும் போலே, வீட்டில் சாவு விழுந்தாலும் போலே. நியாயமாகப் பார்த்தால் நான் அல்லவா அவரிடம் வருத்தம் தெரிவித்திருக்க வேண்டும்?

உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய மக்கள்தானே நாமும். அதை நினைத்துக்கொண்டால் பழகிவிடும். கிழமைகளும் அப்படித்தான். சனிக்கிழமையை முதல் நாளாக வைத்து எண்ணுவதால், 'மூன்றாம் நாள்' என்று பெயர் கொண்ட ஜுமாதாத்து திங்கட்கிழமை.

சாப்பாடு ஒத்துக்கொண்டதா?

உகாலி என்பது மக்காச்சோள மாவைக் கொதிநீரில் கிண்டும் களி. நம் கேப்பைக் களி சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு அது புதிதாகவே தெரியாது. டொடோமா வறண்ட பூமி. டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை மழை, மற்ற மாதங்களில் பெரும்பாலும் மழையே இராது. அதனால் அந்தப் பக்கம் கம்பும் சோளமும் உண்டு. ம்சிச்சா என்பது நம் தண்டுக்கீரையின் குடும்பம். டாகா என்பது காய்ந்த சின்ன மீன், நெத்திலிக் கருவாடு மாதிரி. வெங்காயம், தக்காளி போட்டு வதக்கித் தருவார்கள். சாப்பிடுமுன் வீட்டில் சிறியவர் செம்பில் நீர் கொண்டு வந்து கையில் ஊற்றுவார். வலது கையால்தான் சாப்பிட வேண்டும். இதையெல்லாம் நமக்கு யார் சொல்லித்தர வேண்டும்?

ஏங்கியது நம் தேங்காய்ப்பால் சொதிக்குத்தான். தேங்காய் கடற்கரையிலிருந்து வர வேண்டும், விலை அதிகம். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கு மேல் உள்ள ஊர் என்பதால் ஜூன், ஜூலை இரவுகளில் நல்ல குளிர். இட்லி மாவு பொங்காது. அடுப்பு ஓரத்தில் கம்பளி சுற்றி வைப்பேன்.

வயதானவர்களை அங்கே எப்படி நடத்துகிறார்கள்?

இதற்கு மட்டும் நாள் முழுக்கப் பதில் சொல்லலாம். இளையவர்கள் மூத்தவர்களைப் பார்த்ததும் "ஷிகமோ" என்பார்கள். உங்கள் கால்களைப் பிடிக்கிறேன் என்பது அதன் மூலப் பொருள் என்கிறார்கள். மூத்தவர் "மரஹபா" என்று பதில் சொல்ல வேண்டும். சபையில் "ப்வானா அசிஃபிவே", ஆண்டவருக்குப் புகழ். நம் ஊரில் "தோத்திரம் ஐயா" என்று கும்பிடுவதற்கு உடன்பிறந்த சொல்! என் கணவர் எல்லாருக்கும் பாபு, தாத்தா. நான் பிபி, பாட்டி. வெளிநாட்டுக்காரி என்று ஒதுக்கி நிறுத்தாமல் முதல் நாளே உறவுமுறை சொல்லி உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஆனால் இந்த மரியாதையில் ஒரு சிக்கல் இருக்கிறது. எந்த வேலையையும் நம்மைச் செய்ய விட மாட்டார்கள். குடத்தை எடுத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். உழைக்க வந்த எங்களுக்கு முதல் மூன்று மாதம் இது பெரிய கஷ்டமாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வாங்கிக்கொள்வதும் ஓர் ஊழியம்தான் என்று புரிந்துகொள்ளக் காலம் பிடித்தது. கொடுப்பதற்காக வந்தேன் என்று நினைப்பவரால் அடுத்தவர் கொடுப்பதை வாங்க முடியாது. அவர்கள் கொடுப்பதை வாங்காதவரை அந்த வீட்டில் நாம் விருந்தாளி மட்டும்தான்.

கணவன் மனைவிக்குள் சண்டை வரவில்லையா?

வந்தது. இதைப் பலர் காதருகே வந்து மெதுவாகக் கேட்கிறார்கள். வெளிப்படையாகச் சொல்வதே நல்லது.

இங்கே அவருக்கு அலுவலகம், எனக்குப் பள்ளிக்கூடம். ஒரு நாளில் நாலைந்து மணி நேரம்தான் ஒன்றாக இருப்போம். அங்கே இருபத்து நான்கு மணி நேரமும் இரண்டு அறை வீடு. எனக்கு மொழி சீக்கிரம் வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. வாழ்க்கை முழுவதும் முன்னால் நின்று பேசியவர், கடையில் உப்பு வாங்கக்கூட என் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. பேச்சைக் குறைத்தார். மாலையில் வாசல் திண்ணையில் உட்கார்ந்து வண்டிப் பாதையையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் எடுத்துக் கொடுத்த சொல்லுக்கெல்லாம் கோபம் வந்தது.

அவரை மீட்டது சந்தை. அங்கே தக்காளியையும் வெங்காயத்தையும் நம் ஊர்ச் சந்தைபோலவே கூறு கட்டி விற்பார்கள். கூறுக்கு ஃபுங்கு என்று பெயர். ஒரு நாள் என்னை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. துணிப்பையில் மூன்று கூறு தக்காளியும், கூடுதலாக ஒரு கைப்பிடி பச்சை மிளகாயும் கொண்டு வந்தார். "கொசுறு கேட்டு வாங்கினேன்" என்றார். கொசுறுக்கு என்ன சொல் சொன்னீர்கள் என்று கேட்டேன். சொல் தெரியாது, கையை நீட்டிச் சிரித்தேன், அந்தப் பெண் புரிந்துகொண்டு போட்டாள் என்றார். அன்று இரவு அவர் வழக்கமாகப் பேசுவதைவிட அதிகமாகப் பேசினார். அதன் பிறகு சந்தை அவருடைய வேலை. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

போக நினைக்கும் தம்பதியருக்குச் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு வேலை, ஆளுக்கு ஒரு சிநேகிதர், ஆளுக்கு ஒரு மணி நேரத் தனிமை வேண்டும். சேர்ந்து ஜெபிப்பது எவ்வளவு முக்கியமோ, இதுவும் அவ்வளவு முக்கியம்.

அங்கே என்ன ஊழியம் செய்தீர்கள்? பிரசங்கமா?

இல்லை. அவர்களுக்கு நல்ல பிரசங்கிமார் இருக்கிறார்கள். அந்தப் பக்கத்துக்கு 1870களிலேயே சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரிச் சங்கம் போயிருக்கிறது. ரேனியஸை நம் ஊருக்கு அனுப்பிய அதே சங்கம். ஒரே தாயின் பிள்ளைகள் வேறு வேறு கண்டத்தில் வளர்ந்த மாதிரிதான். நான் சபையின் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுத்தேன். அவர் சபையின் பள்ளிக் கணக்குகளை ஒழுங்குபடுத்தி, இரண்டு இளைஞர்களுக்குப் பேரேடு எழுதச் சொல்லிக் கொடுத்தார்.

ஞாயிறு ஆராதனையில் காசு இல்லாதவர்கள் கோழி, முட்டை, மக்காச்சோளக் கதிர் என்று கொண்டு வந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். ம்னாடா என்று பெயர். நம் அறுப்பின் பண்டிகையில் வாழைத்தாரும் பூசணிக்காயும் ஏலம் போகுமே, அதேதான். முதல் ஏலத்தில் என் கணவர் ஒரு சேவலை எடுத்து, அதைக் கொண்டு வந்த விதவைத் தாயிடமே திரும்பக் கொடுத்தார். மறுவாரம் அந்த அம்மா அதே சேவலைக் காணிக்கையாக மறுபடியும் கொண்டு வந்துவிட்டார்.

ஊரில் துக்கம் நேர்ந்தால் என்ன செய்வது?

இரண்டாம் ஆண்டு ஆகஸ்டில் என் அக்கா இறந்துபோனாள். நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் பின்னால். விடியுமுன் அழைப்பு வந்தது. என்னைத் தூக்கி வளர்த்தவள். உடனே புறப்பட்டாலும் அடக்கத்துக்கு வந்து சேர முடியாது. கைப்பேசித் திரையில் அடக்க ஆராதனையைப் பார்த்தேன். பெட்டியை மூடும் நேரத்தில் இணைப்பு அறுந்துவிட்டது.

பக்கத்து வீட்டில் யாருக்கும் நாங்கள் சொல்லவில்லை. என் அழுகையைக் கேட்டிருக்கிறார்கள். வாசலில் "ஹோடி" என்று குரல். உள்ளே வரலாமா என்று கேட்கும் சொல் அது. "கரிபு" என்று சொல்ல எனக்குக் குரல் எழவில்லை. பாயைத் தாங்களே கொண்டு வந்து விரித்து உட்கார்ந்தார்கள். யாரும் ஆறுதல் பேசவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். என் அடுப்பில் அவர்களே தேநீர் வைத்தார்கள். மூன்று நாள் எங்கள் வீட்டில் உலை வைக்க விடவில்லை. மூன்றாம் நாள், ஒரு தட்டில் துணி போட்டு மூடி, எல்லாரும் போட்ட பணத்தைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். துக்க வீட்டுக்குக் கொடுக்கும் பணம். நூறு, இருநூறு ஷில்லிங் நாணயங்கள்கூட இருந்தன. நம் ஊர்த் துக்க வீட்டில் நோட்டுப் புத்தகம் வைத்து மொய் எழுதுவது நினைவுக்கு வந்தது. வாங்க மாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. என் கணவர் என்னைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன்.

கிளம்புமுன் வயதான பெற்றோர், உடன்பிறந்தவர்கள் எல்லாரையும் நேரில் போய்ப் பாருங்கள். வர முடியாமல் போனால் மன்னிக்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான் அக்காவிடம் அதைச் சொல்லாமல் போனேன்.

மலேரியா பயம் இல்லையா?

பயந்து முடங்க வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அங்கே பெரும்பாலும் வருவது ஃபால்சிபாரம் வகை, ஆளைக் கொல்லக்கூடியது. கொசுவலை ஒரு நாள்கூடத் தவறக் கூடாது. தடுப்பு மாத்திரை எவ்வளவு காலம் சாப்பிடுவது என்பதை, மற்ற மாத்திரைகளையும் காட்டி, மருத்துவரிடம் முடிவு செய்யுங்கள். காய்ச்சல் என்றால் அன்றே இரத்தப் பரிசோதனை. ஊர் திரும்பிய பிறகும் ஓர் ஆண்டுவரை எந்தக் காய்ச்சல் வந்தாலும், ஆப்பிரிக்காவில் இருந்துவிட்டு வந்தேன் என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

திரும்பி வந்ததும் எப்படி இருந்தது?

வீடு பெரிதாகத் தெரிந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருப்பது பழகவில்லை. எங்கள் தெருக்கோடியில் கட்டட வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பங்கள் தகரக் கொட்டகையில் இருக்கின்றன. போவதற்கு முன்பும் அங்கேதான் இருந்தார்கள். ஒரு தடவைகூட நான் அந்தப் பக்கம் போனதில்லை. இப்போது என் கணவர் சந்தைக்குப் போகும் வழியில் அவர்களோடு நின்று பேசுகிறார். ஒரிய மொழியில் கூறுக்கு என்ன பெயர் என்று கேட்டு வந்தார். அந்தப் பிள்ளைகள் நான்கு பேர் மாலையில் எங்கள் திண்ணைக்குத் தமிழ் எழுத்துப் படிக்க வருகிறார்கள். நேற்று 'ழ' சொல்லிக் கொடுத்தேன். கடைசிப் பையனுக்கு இன்னும் வரவில்லை. நாளைக்கும் அதையேதான் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.